யாழை ஓங்கிய பாணரும் மெட்டைப் பிடுங்கிய ஜாக்கோவும்

ஜாஸ் இசையை எலக்ட்ரிக் பேஸ் கிதாரில் வாசிக்கலாமா, கூடாதா என்ற பஞ்சாயத்து 1950-களில் அமெரிக்காவில் தொடங்கியதாக அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதட்டும். கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஒரு பாட்டை ஒரு கருவியில் கொண்டுவர முடியுமா என்ற வழக்கை ஏழாம் நூற்றாண்டிலேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார். வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே. தீர்ப்பு எதிராக வந்ததும் சாட்சிப் பொருளையே உடைக்கக் கையை ஓங்கினார். பெயர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஊர் விருத்தாசலம் பக்கம் எருக்கத்தம்புலியூர். பஸ்ஸில் அப்படிக் கேட்டால் கண்டக்டர் விழிப்பார். ராஜேந்திரப்பட்டினம் என்று கேட்க வேண்டும்.

முதலில் அமெரிக்காக்காரர் கதையைப் பாதி முடித்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் என்று ஒரு ரேடியோ மெக்கானிக். கிதார் வாசிக்கத் தெரியாது. கிதார் உலகத்தைப் புரட்டிப்போட்டவர் அவர்தான். வாசிக்கத் தெரிந்தவர்களெல்லாம் வாசித்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு நேரமில்லை. அதுவரை பேஸ் என்றால் டபுள் பேஸ். நிமிர்த்தி வைத்தால் வாசிப்பவரைவிட உயரம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவதற்குள் வாசிப்பவரின் இடுப்பு போய்விடும். அப்படிச் சுமந்துபோய் நிறுத்தி வாசித்தாலும், டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும்போது அவர் வாசிப்பது அவருக்கு மட்டும்தான் கேட்கும். 1951-ல் ஃபெண்டர் அந்த யானையைப் பலகையாகச் சுருக்கினார். மின்சாரம் கொடுத்தார். கழுத்தில் வரிசையாகக் குறுக்குக் கம்பிகள் பதித்தார். வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வார்களே, அதே சமாச்சாரம். மெட்டு இருந்தால் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் சுரம் தள்ளி விழாது. இந்தத் துல்லியத்தையே விளம்பரமாக்கி 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயரும் வைத்தார்.

லயனல் ஹாம்ப்டன் குழுவுக்கு அந்தப் பலகை வந்துசேர்ந்தது. அங்கே டபுள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த மாங்க் மான்ட்காமரி அதைக் கையிலெடுத்தார். 1953-ல் ஆர்ட் ஃபார்மர் குழுவோடு இசைத்தட்டிலும் வாசித்துவிட்டார். ஜாஸ் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. டபுள் பேஸில் தந்தியைச் சுண்டினால் சுரம் தும்மென்று விழுந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு அடங்கிவிடும். மின்சாரப் பலகையில் எழும் சுரமோ பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் திண்ணையை விட்டு எழுந்திருக்காத பெரியப்பா மாதிரி அங்கேயே நிற்கும். இன்னொன்று, டபுள் பேஸுக்கு மெட்டே கிடையாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம், நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், கொஞ்சம் முனகலாம். ஃபெண்டர் பலகையில் படிக்கட்டு ஏறுவதைத் தவிர வழியில்லை.

பெரியவர்கள் ஒன்றை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். 1920-களில் ஜாஸ் குழுக்கள் பலவற்றில் அடிச்சுரம் பிடித்தது டியூபா என்ற பித்தளைப் பூதம். அதை ஓரங்கட்டிவிட்டு வந்த டபுள் பேஸ்தான் முப்பதே வருஷத்தில் பரம்பரை மிராசு ஆகியிருந்தது. 1960-ல் ஃபெண்டர் சமாதானத் தூது அனுப்பினார்: கழுத்தை ஒல்லியாக்கி, 'ஜாஸ் பேஸ்' என்றே பெயரிட்டு இன்னொரு மாடல். ஜாஸ்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ராக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சத்தம் எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவு தூரம் ஆட்சி என்பது கடலூருக்குப் புதிய பாடமில்லை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை. அடுத்து நடந்ததை ஊகிக்கலாம். கிடைத்ததிலேயே பெரிய பீரங்கியாகப் பார்த்து வைத்து, நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த கிராமங்கள் எல்லாம் கும்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்று பெயரும் நிலைத்தது. இதே கோட்டைதான் 1746 முதல் 1752 வரை சென்னைக்குப் பதிலாகத் தலைநகராக இருந்தது என்பதைக் கடலூர்க்காரர்கள் இன்றும் யாரிடமாவது சொல்லச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்; கிடைத்தது.

இப்போது நம் ஆள்.

யாழ்ப்பாணர் பாணர் குலம். அந்தக் காலத்தில் பாணர் கோயிலுக்கு வெளியே நின்று வாசிக்கலாம், உள்ளே வரக்கூடாது. இசை உள்ளே போகலாம், இசைத்தவர் போகக்கூடாது என்ற நுட்பமான ஏற்பாடு. அவரும் மனைவி மதங்கசூளாமணியும் ஊர் ஊராகப் போனார்கள். மதுரையில் கோயில் வாசலில் நின்று வாசித்தார். அன்றிரவு சொக்கநாதர் அடியார்களின் கனவில் போய் அந்த மனிதரை உள்ளே கூட்டி வாருங்கள் என்றார். கூட்டி வந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்ததும் மேலேயிருந்து இன்னொரு குரல்: தரை ஈரம் யாழின் முறுக்கைக் கெடுக்கும், பலகை போடுங்கள். பொற்பலகை போட்டார்கள். ஆளை வெளியே நிறுத்தியது பற்றி அடியார்களுக்கு ஒரு மண்டகப்படி நடந்ததாகப் பெரியபுராணத்தில் இல்லை. ஆனால் தந்தியில் ஈரம் படக்கூடாது என்பதில் ஆண்டவன் கறார். உலகத்தின் முதல் சவுண்ட் இன்ஜினியர் சொக்கநாதர்தான் என்று நான் சொன்னால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். திருவாரூரில் இன்னும் வேடிக்கை. அங்கே வாசலில் நின்று வாசித்தவருக்காக வடக்குப் பக்கம் தனியாக ஒரு வாயிலே உண்டானது. இருக்கிற வாசலில் நிற்கிறவர்களிடம் பேசிப் பார்ப்பதைவிடப் புது வாசல் திறப்பது சுலபம் என்று தியாகராஜருக்கே தோன்றியிருக்கிறது.

பிறகு சீர்காழிக்கு வந்து, பாடத் தொடங்கியிருந்த சிறுவன் ஞானசம்பந்தரோடு சேர்ந்தார். அந்த அந்தணச் சிறுவன் பாணரை 'ஐயர்' என்று மரியாதையாக அழைத்தார் என்று சேக்கிழார் எழுதுகிறார். இதை எழுதிய பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் இருமினார்களோ!

குழு புறப்பட்டது. சிதம்பரம் தரிசனம். அங்கிருந்து மேற்கே வெள்ளாற்றங்கரையோடு பயணம். வழியில் பாணர் இதுதான் என் ஊர் என்று எருக்கத்தம்புலியூரைக் காட்ட, சம்பந்தர் அங்கும் ஒரு பதிகம் பாடினார். அதைத் தாண்டித் திருவட்டத்துறையில் சம்பந்தருக்கு இறைவன் முத்துச் சிவிகையும் முத்துக்குடையும் அனுப்பினார். மெயின் பாடகருக்கு வண்டி வந்துவிட்டது. பக்கவாத்தியத்துக்கு ஒரு கட்டை வண்டியாவது வந்ததா என்று புரட்டிப் பார்த்தேன். ஊகூம். தங்குவதற்கும் இதே பாடு. திருச்சாத்தமங்கையில் நீலநக்கர் வீட்டில் இறங்கியபோது, இவர்கள் இரண்டு பேருக்கும் படுக்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தரே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நீலநக்கர் நல்ல மனிதர். வீட்டு நடுவில் வேள்வித் தீ எரிகிற வேதிகைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீயும் தீட்டுப் பார்க்காமல் வலம் சுழித்து எரிந்தது.

இப்படியே போயிருந்தால் சண்டைக்கு வழியில்லை. ஆனால் காரைக்காலுக்குப் பக்கத்தில் தருமபுரம் வந்தது. அது பாணரின் அம்மா பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கூடினால் என்ன நடக்குமோ அது நடந்தது. "நீ யாழில் போட்டு வாசிப்பதால்தானே அந்தப் பிள்ளையின் பாட்டு உலகமெல்லாம் பரவுகிறது" என்று பூரித்துப்போனார்கள். பேஸ் கிதார் வாசிக்கிற எவனுடைய வீட்டிலும், எந்த நூற்றாண்டிலும், இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. எந்தச் சத்தம் உன்னுடையது என்று கேட்பதோடு சரி. பாணர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நடுங்கிப்போனார். நேரே சம்பந்தரிடம் ஓடினார். யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடுங்கள், இவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றார். தன் கருவி தோற்க வேண்டும் என்று தானே மனுப்போட்ட வாத்தியக்காரர் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சம்பந்தர் பாடினார். பாணர் விரலை வைத்தார். வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குப் புராணத்தை விட்டு வெளியே வந்தாலும் காரணம் கிடைக்கிறது. யாழ் என்பது வில்லில் நரம்பு கட்டிய கருவி. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. நரம்புக்கு ஒரு சுரம். நரம்பை அழுத்திப் பிடிக்கக் கீழே கழுத்தும் இல்லை, பலகையும் இல்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் முடியும். இழைந்து, அசைந்து, பாதியில் மடங்கித் திரும்ப முடியாது. தொண்டைக்கு அந்தச் சங்கடம் இல்லை. சம்பந்தர் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே யாழுக்கு நரம்பே கிடையாது.

பாணர் யாழை ஓங்கினார். சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொண்டார். இறைவனின் புகழெல்லாம் இந்தக் கருவிக்குள் அடங்குமா, வந்தவரைக்கும் வாசியுங்கள் ஐயரே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பாணரும் சரியென்று கடைசிவரை வந்தவரைக்கும் வாசித்தார். அந்தக் கோயில் சுவாமிக்கு யாழ்முரிநாதர் என்றே பெயர். ஒரு கச்சேரி சொதப்பியதைத் தன் பெயராக வைத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமில்லை.

தொண்டை போகும் இடத்துக்குப் போக முடியாத யாழ் மெல்ல மறைந்தே போனது. பிற்காலத்தில் இலங்கைக் காரைதீவுக்காரர் ஒருவர் அதைத் தேடிக் கிளம்பினார்: சுவாமி விபுலானந்தர். 1931-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் அவர். சிலப்பதிகாரத்தைத் துருவிக் கணக்குப் போட்டு, வருஷக்கணக்காக உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். அது 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். யாழ்ப்பாணர் ஓங்கியதை இவர் ஒட்டவைத்தார் என்று சொல்லலாம், காகிதத்தில்.

யாழ் போன பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் நம் ஊர் வைத்த நுழைவுத் தேர்வு ஒன்றே ஒன்றுதான்: வழுக்கத் தெரியுமா? சாதி, மதம், தேசம் எதுவும் கேட்கவில்லை (மனிதர்களிடம் கேட்டதோடு சரி). வெள்ளைக்காரன் வயலினுக்கு மெட்டு இல்லை. தொண்டை போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். பாலுஸ்வாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு வந்தார். தரையில் உட்காரவைத்து, தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்தார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடர் வடிவேலு, 1834-ல் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசு வாங்கினார். இரண்டே தலைமுறையில் ஃபிடில் அக்ரஹாரத்துப் பிள்ளையாகிவிட்டது. ஹார்மோனியத்துக்கு அந்த யோகம் இல்லை. கட்டையை அமுக்கினால் ஒரே சுரம், அசையாது. 1940-ல் அகில இந்திய வானொலி அதை வாசலிலேயே நிறுத்தியது; 1971-ல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. வீணை நடுவழி: இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளை மெழுகில் நிலையாகப் பதித்தார்கள், ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம் வரும். இழுத்துப்பிடித்துத் தேர்வில் பாஸ்.

இழுக்க முடியாத அளவுக்குத் தடித்த தந்தி, கூடவே மெட்டு. இதுதான் பேஸ் கிதாரின் ஜாதகம். சிதம்பரத்து வித்வான்கள் யாரிடமாவது 1951-ல் காட்டியிருந்தால் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்பே அவர்கள் கையில் வேறொரு வழக்கும் இருந்தது. பாட்டு தெலுங்கிலா தமிழிலா என்ற சண்டைக்கு 1941-ல் அண்ணாமலைநகரில்தான் மாநாடு போட்டார்கள்.

அதே 1951 கடைசியில், டிசம்பரில், அமெரிக்காவில் ஒரு பிள்ளை பிறந்தது. ஜாக்கோ பஸ்டோரியஸ். வளர்ந்தது ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் என்ற கடற்கரை ஊரில். நம் கடலூர் போலவே அங்கும் காற்றில் உப்பும் ஈரமும். ஜாஸ் வாசிக்க ஆசைப்பட்டு, பணம் சேர்த்து, டபுள் பேஸ் வாங்கினார். ஈரக் காற்றில் அது பிளந்துபோனது. மதுரையில் நடந்ததுபோல மேலேயிருந்து எந்தக் குரலும் பலகை போடச் சொல்லவில்லை. சரி போ என்று 1962 மாடல் ஜாஸ் பேஸ் ஒன்றுக்கு மாறினார். மாறியவர், அதன் கழுத்திலிருந்த மெட்டுகளையெல்லாம் வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டதாகச் சொன்னார். பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகைமேல் பூசினார். படகுக்காரர்கள் நிறைந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்திலோ பரங்கிப்பேட்டையிலோ பிறந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

ஃபெண்டர் எதைப் பெயரில் வைத்து விற்றாரோ அதையே பிடுங்கி எறிந்தாயிற்று. விரல் வைத்த இடத்தில் சுரம், வழுக்கினால் வழுக்கும், முனகினால் முனகும். தருமபுரத்தில் நம் ஆள் கருவியை உடைக்கப் போனார். இந்த ஆள் கருவியில் எது குறுக்கே நின்றதோ அதை மட்டும் பெயர்த்தார். பாணருக்கு இந்த யோசனை வராததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாழில் பிடுங்குவதற்கு மெட்டே இல்லை.

ஜாக்கோவுக்குப் பாணருடைய அடக்கம் கிடையாது. வெதர் ரிப்போர்ட் குழுவின் ஜோ ஸாவினுலிடம் போய், உலகத்திலேயே பெரிய பேஸ்காரன் நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஸாவினுல் விரட்டிவிட்டார். பிறகு அதே குழுவில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டியதாயிற்று. 1976-ல் ஜாக்கோவின் முதல் ஆல்பம் வந்தது. முதல் உருப்படியே 'டோனா லீ': சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் மூச்சு வாங்க ஓடும் மெட்டு. அதைப் பேஸில், துணைக்குக் காங்கா தோலிசை மட்டும் வைத்துக்கொண்டு, வாசித்துத் தள்ளினார். அடிச்சுரம் பிடிக்கிறவன் பல்லவியைப் பிடுங்கிக்கொண்டது அப்போதுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த பெரியவர்களில் பாதிப்பேர் அதன்பிறகு எதையும் சுளிக்கவில்லை. முடிவு நன்றாக இல்லை: மனநோய், குடி, தெருவாசம். 1987-ல் ஒரு கிளப்புக்குள் நுழையப் பார்த்தபோது வாசல் காவலாளி அடித்த அடியில், 35 வயதில் இறந்தார். அவருக்கும் கடைசியில் வாசல்தான் சிக்கல்.

அதே 1976-ல் இங்கே 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா பேஸ் கிதாருக்கென்று தனியாக, பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக, நோட்ஸ் எழுதினார். சசிதரன் வாசித்தார். கடலூர் டீக்கடை ஸ்பீக்கர்களில் அது தும் தும்மென்று போய்க்கொண்டே இருந்தது. ஜாஸா, கர்நாடகமா, சுத்தமா, கலப்படமா என்று டீ ஆற்றுகிறவரோ குடிக்கிறவரோ கேட்கவில்லை. திருவிழாவில் மெல்லிசைக் குழு வந்தால் பேஸ்காரருக்கு டிரம்ஸ் பக்கத்தில், பின்வரிசையில், டியூப்லைட் எட்டாத இடம். அவர் ஒரு பாட்டில் கையை நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று கூட்டம் தலை தூக்கும்.

சிதம்பரத்துக்குத் திரும்பியாக வேண்டும், பாக்கி ஒன்று இருக்கிறது. சம்பந்தர் பாட்டும், தேவாரம் பாடிய மற்ற இருவர் பாட்டும் ஓலையாக எங்கே இருக்கின்றன என்று சோழ மன்னன் தேடினான். அபயகுலசேகரன் என்று இதைச் சொல்லும் இன்னொரு புராணம் சொல்லும். இராசராசன் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் திருநாரையூரில் இருந்த நம்பியாண்டார் நம்பி, பிள்ளையாரிடம் கேட்டுத் துப்புக் கொடுத்தார்: தில்லைக் கோயிலில் பூட்டிய அறையில் இருக்கின்றன. போனால், தில்லைவாழ் அந்தணர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பாடிய மூவரும் நேரில் வந்தால் கதவைத் திறப்போம். மூவரும் செத்து நூற்றாண்டுகள் ஆகின்றன என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. மன்னனும் லேசுப்பட்டவனில்லை, மூவர் சிலைகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து, வந்துவிட்டார்கள், திறங்கள் என்றான். திறந்தார்கள். உள்ளே புற்று. எண்ணெய் ஊற்றிக் கரைத்துப் பார்த்தால் முக்கால்வாசி போயிருந்தது. மன்னன் இடிந்துபோக, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைச் செல்லரிக்கவிட்டோம் என்று வானத்திலிருந்து குரல் வந்தது. கரையான் எடிட்டிங். பிழைத்தவை ஏறக்குறைய 800 பதிகங்கள்.

வரிகள் கிடைத்தன. எப்படிப் பாடுவது? ஓலையில் எழுத்து இருக்கலாம், ராகம் எங்கே இருக்கும்? பூட்டு போட்டவர்களுக்குத் தெரியவில்லை, பூட்டைத் திறந்தவர்களுக்கும் தெரியவில்லை. மன்னனும் நம்பியும் கடைசியில் எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்தப் பக்கவாத்தியக்காரரின் ஊருக்கு. அவர் பரம்பரையில் ஒரு பெண் இருந்தார். பண்ணெல்லாம் அவரிடம் இருந்தன. தில்லைக்கு அழைத்துவந்து, எந்தப் பதிகத்துக்கு எந்தப் பண், எத்தனை கட்டளை என்று அவரைக் கொண்டு வகுத்துக்கொண்டார்கள். ஓதுவார்கள் இன்றைக்குப் பாடுவது அந்த வழியில்தான்.

அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. கரையானுக்கு அதில் இடமுண்டு.